இறந்தவர்களுக்காகக் குடித்த தண்ணீர்

கை பிரேக்கை இழுத்துவிட்டு, என்ஜினை ஓடவிட்டபடியே மனோல் இறங்குகிறார். சாலையோரக் கல் சுவரில் பதித்த குழாயிலிருந்து மலைத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கிறது. எனாமல் கப்பை நிரப்புகிறார். தொப்பியைக் கழற்றுகிறார். கல்லில் வெட்டியிருக்கும் பெயரை வாய்க்குள் ஒருமுறை படித்துக்கொண்டு, மூச்சு விடாமல் குடித்து முடித்து, "ஆண்டவன் அவரை மன்னிக்கட்டும்" என்று மீசையைத் துடைக்கிறார். மினி பஸ்ஸுக்குள் இருக்கிறவர்கள் யாரும் முணுமுணுப்பதில்லை. அடுத்த வளைவு தாண்டினால் இன்னொரு ஊற்று. அங்கேயும் இறங்குவார்.

போன இலையுதிர் காலம் வரை இப்படித்தான்.

மலைக்கிராமமான யாவோரோவோவிலிருந்து கீழே ஸ்மோல்யான் நகரத்துக்குப் போகும் பஸ் அது. காலையில் இறங்கும், மாலையில் ஏறும். மனோல் சாவுஷேவ் அதை ஓட்டத் தொடங்கியபோது தலையில் முடி இருந்தது. இப்போது மீசை மட்டும் இருக்கிறது. ஆள் அகலம், மனைவி பின்னிக் கொடுத்த கம்பளிச் சட்டை வயிற்றருகே எப்போதும் ஒரு பொத்தான் திறந்தே இருக்கும். பஸ்ஸில் ஆட்களை மட்டும் ஏற்றுவதில்லை. பாலாடைக்கட்டிப் பானை, மருந்துக்கடைப் பொட்டலம், பழுதுபார்த்த ரம்பம், ஒருமுறை காலைக் கட்டிய வான்கோழி, எல்லாம் வரும். பின்னால் ஹாரன் அடிக்கும் கார்களுக்கு அவரிடம் ஒரே பதில்தான். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "பிரசவமா? இல்லேல்ல? அப்ப பொறு" என்பார்.

இந்த மலையில் ஒருவர் இறந்தால் வீட்டார் கல்லறையோடு விடமாட்டார்கள். கொஞ்சம் வசதி இருந்தால் சாலையோரம் ஓர் ஊற்றுக் கட்டி, பெயரைச் செதுக்கி வைப்பார்கள். வழியில் போகிறவன் குடித்துவிட்டு மன்னிப்பு வேண்டிக்கொண்டால் அது போனவருக்குப் போய்ச் சேரும். மனோலின் சாலையில் இப்படி ஊற்றாக நிற்கும் இறந்தவர்கள் நிறையப் பேர். பாதிப் பேர் அவருடைய பஸ்ஸில் ஏறியவர்கள்.

வால்நட் மரத்திலிருந்து விழுந்த பிறகுதான் அவருக்கு இந்தத் தாகம் வந்தது. கிளையை உலுக்கப் போனவர், கிளையோடு வந்துவிட்டார். மண்டையில் அடி. ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டு அனுப்பினார்கள். தலைக்காயம் ஆறியது, வாய் மட்டும் காய்ந்துகொண்டே இருந்தது. ஒரு குடம், இரண்டு குடம் என்று போனது. குடித்ததெல்லாம் நிறமே இல்லாமல், குழாய்த் தண்ணீர் போலவே வெளியே வந்தது. ராத்திரியில் படுக்கையில் இருந்த நேரத்தைவிடக் கழிவறையில் இருந்த நேரம் அதிகம். பகலில் ஒவ்வொரு ஊற்றிலும் நிறுத்திக் குடித்தார். அடுத்த புதர் மறைவில் நிறுத்தி இறக்கினார். பெண்கள் பஸ்ஸிலேயே காலுறை பின்னப் பழகிக்கொண்டார்கள். "போன வருஷக் குளிர்காலத்துக்கு எங்க வீட்ல எல்லாருக்கும் காலுறை ஆச்சு, மனோலோட மூத்திரத்தால" என்று வெலிக்கா அத்தை சந்தையில் சொல்லிச் சிரிப்பாள்.

சர்க்கரையாகத்தான் இருக்கும் என்றார்கள். ரத்தத்தைப் பார்த்தால் சர்க்கரை சரியாக இருந்தது. பயம் பிடித்துவிட்டது என்றார்கள். ஈரலுக்கு மூலிகை காய்ச்சிக் கொடுத்தார்கள். அதையும் தாகத்துக்குக் குடித்துத் தீர்த்தார். கடைசியில் அவர் மனைவி கலினா, பள்ளிக்கூடச் சமையலறையில் லீவு சொல்லிவிட்டு, அவரைக் கையைப் பிடித்து பிளோவ்டிவ் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். அங்கே ஒரு நாள் தண்ணீர் இல்லாமல் உட்கார வைத்தார்கள். அடிக்கொருதரம் எடை பார்த்தார்கள், சிறுநீரை அளந்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். தண்ணீர் தராவிட்டாலும் சிறுநீர் மட்டும் நிற்காமல் போனது. மத்தியானத்துக்குள் மனோல், மேஜை மேலிருந்த பூச்சாடியை உற்றுப் பார்க்கத் தொடங்கிவிட்டார். காவலுக்கு நின்ற நர்ஸ் நெவேனா சாடியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

"பூவையாவது வெச்சுட்டுப் போம்மா."

"காம்புல ஈரம் இருக்குண்ணே. உங்கள நம்ப மாட்டேன்."

பிறகு ஓர் ஊசி போட்டார்கள். சிறுநீர் வற்றியது. நோய் எதுவென்று அத்தோடு தெரிந்துபோனது.

இந்த நாட்டில் அதற்குச் சுவையில்லாத நீரிழிவு என்று பெயர். சர்க்கரை நோய்க்கும் இதற்கும் உறவில்லை. மூளைக்கு அடியில் பயறு அளவில் ஒரு சுரப்பி. தண்ணீரைப் பிடித்து வை என்று சிறுநீரகத்துக்குச் சொல்லி அனுப்புவது அதன் வேலை. மரத்திலிருந்து விழுந்ததில் அது பேச்சை நிறுத்திவிட்டது. இனி அதற்குப் பதிலாக டெஸ்மோப்ரெசின் என்ற மாத்திரை பேசும். நாக்குக்கு அடியில் வைத்தால் கரைந்துவிடும். மனோலுக்குப் பெயர்தான் பிடிக்கவில்லை. "எல்லாருக்கும் இனிப்பா ஒரு வியாதி வருது. எனக்கு மட்டும் சப்புன்னு ஒண்ணு" என்றார். பஸ்ஸில் வரும் பெண்கள் இனிப்போ சப்போ, நீரிழிவு நீரிழிவுதான் என்று முடிவுகட்டி, இன்றுவரை சர்க்கரை போடாத கேக்கைத்தான் அவருக்குக் கொண்டுவருகிறார்கள். அவரும் முகம் சுளிக்காமல் தின்கிறார்.

மாத்திரை போட்ட முதல் இரவு அவர் விடியும்வரை தூங்கினார். கலினா நடுவில் எழுந்து மூக்கின் கீழே விரல் வைத்துப் பார்த்தாள். புதர் ஓரங்களில் பஸ் நிற்பது நின்றது. காலுறைகள் பாதியில் நின்றன. ஆனால் ஊற்றுகளில் நிறுத்துவது மட்டும் நிற்கவில்லை.

"இப்பத்தான் உனக்குத் தாகம் இல்லியே, எதுக்கு இறங்கற?" என்று கேட்டவர்களுக்கு மனோல் தலையைப் பின்னுக்குத் தூக்கி நாக்கைச் சொடுக்குவார். இல்லை, அப்படியில்லை என்று அர்த்தம். ஒருநாள் மட்டும் வாய்விட்டுச் சொன்னார்: "அந்த ஒரு வருஷம் உயிரோட இருக்கற யாருக்கும் என் வியாதி புரியல. செத்தவங்கதான் வளைவுக்கு வளைவு நின்னு தண்ணி குடுத்தாங்க. இப்ப நல்லாயிட்டோம்னு முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போறதா?"

நல்ல மனசுதான். சிறுநீரகத்துக்கு மனசு தெரியாது. மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் உள்ளே போன தண்ணீர் வெளியேற வழி கிடையாது. ரத்தத்தில் தங்கி, அதிலிருக்கும் உப்பை நீர்க்கவைக்கும். உப்பு குறைந்தால் மூளை வீங்கும். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், பிறகு குழப்பம், பிறகு வலிப்பு. நெவேனா இதை இருவரிடமும் சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். மறுமுறை போனபோது, "ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கறீங்க?" என்று கேட்டாள். "காலையில ஒரு கிளாஸ், சாப்பாட்டுக்கு ஒரு கிளாஸ்" என்றார் மனோல். பொய் சொன்னதாக அவருக்குத் தோன்றவே இல்லை. வீட்டில் அவ்வளவுதான் குடித்தார்.

சாயங்காலத் தலைவலியை மலைக்காற்றின் மேல் போட்டார்.

இலையுதிர் காலத்தில் இறந்தவர்களுக்கான சனிக்கிழமை வந்தது. வேகவைத்த கோதுமையும் ரொட்டியும் மெழுகுவத்தியுமாகப் பஸ் நிறையப் பெண்கள். அப்படிப்பட்ட கூட்டத்தில் புதருக்கு ஒதுங்க நேர்ந்தால் மானம் போய்விடும் என்று நினைத்தார் மனோல். புறப்படும் முன் கூடுதலாக ஒரு மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டார். அன்றைக்கு எந்த ஊற்றையும் தாண்டிப் போக முடியாது. சில இடங்களில் இறந்தவரின் வீட்டாரே நின்றுகொண்டு, "எங்கப்பாவுக்காக இன்னொரு கப்" என்று நிரப்பிக் கொடுத்தார்கள். அவர் யாரையும் மறுக்கவில்லை.

மலையேறும் வழியில் கடைசிக்கு முந்தைய ஊற்று கோஸ்தாவினுடையது. கோஸ்தா, வெலிக்கா அத்தையின் புருஷன். மரம் ஏற்றும் லாரி ஓட்டியவன். ஊற்றைக் கட்டியவள் அத்தைதான். எப்போதும் பஸ்ஸின் முன் சீட்டில் உட்கார்ந்து, அங்கே யார் குடிக்கிறார்கள், யார் குடிக்கவில்லை என்று பார்த்துக்கொண்டு வருவாள். அன்று மனோல் பஸ்ஸை ஓரம் கட்டினார், இறங்கினார், தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

"என்னடா, குந்திட்ட?"

"இது எந்த ஊரு அத்தை?" என்றார் மனோல்.

அத்தை சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. குனிந்து வாந்தி எடுத்தார்.

"காஞ்சு போயிட்டான்! பழைய வியாதி திரும்பிடுச்சு! தண்ணி கொண்டாங்கடி!" அத்தை தன் புருஷனின் ஊற்றில் பிடித்து அவர் வாயில் வைத்தாள். மரியாதைக்கு அவரும் குடித்தார். "இன்னும் குடி. ம், குடி. என் கோஸ்தா தண்ணி ஒண்ணும் பண்ணாது." எல்லாப் பெண்களும் சுற்றி நின்றார்கள். ஒருத்தி விசிறினாள். ஒருத்தி மாத்திரை டப்பாவைத் தேடினாள். இன்னொருத்தி நல்ல வேளையாக அவருடைய போனை எடுத்துக் கலினாவுக்கு அடித்தாள்.

வீட்டுச் சமையலறையின் பாத்திரச் சத்தத்துக்கு மேலே கலினாவின் குரல் வந்தது. "தலை வலிக்குதுன்னானா? வாந்தியா? ஊர் பேர் தெரியலையா? தண்ணி குடுக்காதீங்க! ஒரு வாய் கூட! மாத்திரையும் குடுக்காதீங்க! ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க!"

"ஏண்டி, வாய் காஞ்சு கிடக்கறவனுக்குத் தண்ணி இல்லேங்கறியே, நீ பொண்டாட்டியா?"

"அத்தை, கையில இருக்கறதைக் கீழ ஊத்துங்க! நான் சொல்றேன், ஊத்துங்க!"

அத்தை ஊற்றினாள். கோபத்தோடுதான் ஊற்றினாள். ஆனாலும் ஊற்றினாள்.

வலிப்பு வருவதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்கள். வந்திருந்தால் ஓட்டுநர் உரிமத்தை மறந்துவிட வேண்டியதுதான். இன்னும் ஒரு வளைவு தாண்டி அந்தக் குழப்பம் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் பேசுவதில்லை. அங்கே சாலைக்கு வலப்புறம் பள்ளத்தாக்கு.

ஆஸ்பத்திரியில் உப்பைப் படிப்படியாகத்தான் ஏற்றினார்கள். அவசரப்பட்டால் மூளைக்கு வேறு கெடுதல். தலை தெளிந்ததும் பிளோவ்டிவுக்கு மாற்றினார்கள். அங்கே நெவேனா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"எவ்வளவு குடிச்சீங்கண்ணே?"

"ரெண்டு கிளாஸ்."

"ரத்தம் வேற சொல்லுது. காலையில வீட்ட விட்டுக் கிளம்பினதுலேர்ந்து சொல்லுங்க. எங்கெங்க நின்னீங்க?"

மனோல் சொன்னார். பள்ளிக்கூட வாத்தியார் ஸ்தோயில். இரட்டைப் பிள்ளைகளோடு போன ரயினா. ஆட்டுக்காரச் சகோதரர்கள். போஸ்ட்மேன். நெவேனா முதலில் பயணிகள் பெயரென்று நினைத்தாள்.

"இவங்கல்லாம் எங்க ஏறினாங்க?"

"ஏறல. அவங்க செத்து வருஷமாச்சு. ஊத்து."

"அங்கெல்லாம் குடிச்சீங்களா?"

"அது நான் குடிச்சது இல்லம்மா. அவங்களுக்காகக் குடிச்சது."

நெவேனா சிரிக்கவில்லை; அவளுடைய அப்பாவுக்கும் எங்கேயோ ஓர் ஊற்று இருக்கிறது. "யாருக்காகக் குடிச்சாலும் உங்க வயித்துக்குத்தானே போச்சு? டேங்க் நிறைஞ்ச பிறகும் டீசல் அடிச்சா என்ன ஆகும்?"

"வெளிய வழியும்."

"இது மண்டைக்குள்ள வழியுதுண்ணே."

அதன் பிறகு அவள் சில விதிகள் சொன்னாள். தாகம் எடுத்தால் மட்டும் குடிக்க வேண்டும். மாத்திரையைத் தானாகக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது. காலையில் கழிவறைக்குப் போய்வந்ததும் எடை பார்க்க வேண்டும்; ஒரே ராத்திரியில் ஒரு கிலோ ஏறினால் அது சதையில்லை, தண்ணீர், உடனே கூப்பிட வேண்டும். பஸ் ஓட்டாத ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் மாத்திரையைத் தள்ளிப்போட்டு, சிறுநீர் தாராளமாகப் போய்த் தாகமும் எடுத்த பிறகு போட வேண்டும். உள்ளே மிச்சமிருப்பது அதில் போய்விடும். வயிற்றுப்போக்கோ ஓயாத வாந்தியோ வந்தால் வீட்டில் கைவைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். எந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலும் முதல் பேச்சாகத் தன் நோயின் பெயரைச் சொல்ல வேண்டும். மாத்திரை இல்லாமல் கிடக்கும்போது தண்ணீரைத் தடுத்தால் அதுவும் உயிருக்கு ஆபத்து.

மனோலுக்கு முதல் விதிதான் சிக்கலாக இருந்தது. "தாகமா, பழக்கமான்னு எப்படிம்மா தெரியும்? எனக்கு ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு."

"உங்ககிட்ட தண்ணி இல்லன்னு வெச்சுக்குங்க. மழையில எழுந்து போய் எடுத்துக் குடிப்பீங்களா, இல்ல உக்காந்திருப்பீங்களா? போவேன்னா, அது தாகம்."

குளிர்காலம் முழுக்க அவர் வீட்டில் இருந்தார். ரத்தப் பரிசோதனைகள் சரியாக வந்தால்தான் சாவி என்று பஸ் கம்பெனி டாக்டர் சொல்லிவிட்டார். ஜன்னலோரம் உட்கார்ந்து, வேறொருவன் ஓட்டிப் போகும் தன் பஸ்ஸின் கியர் சத்தத்தைக் கேட்டுப் பல்லைக் கடித்தார். கிளாஸைக் கையில் எடுப்பார். மழையில் போவேனா என்று தன்னையே கேட்டுக்கொள்வார். பாதி நாட்கள் கிளாஸைத் திரும்ப வைத்தார். பனி உருகியபோது சாவி கையில் வந்தது. இன்னொரு முறை இப்படி ஆனால் கேட்க வேண்டாம் என்ற சொல்லும் கூடவே வந்தது.

முதல் வாரம் எந்த ஊற்றிலும் நிறுத்தவில்லை. வளைவு வரும்போது கழுத்தை நேராக வைத்துக்கொண்டு, கல்லில் இருக்கும் பெயரைப் பார்க்காமல் போனார். பின்னால் பெண்கள் திரும்பித் திரும்பி ஊற்றைப் பார்ப்பார்கள். ஸ்தோயிலின் மகள் ஒருநாள் இறங்கும்போது அவருக்கு வணக்கம் சொல்லவில்லை. வெலிக்கா அத்தை முன் சீட்டிலிருந்து கடைசி சீட்டுக்குப் போய்விட்டாள். "மாத்திரை தின்னவங்களுக்கு மனுஷங்க கண்ணுக்குத் தெரியறதில்ல" என்று அங்கிருந்து பேசினாள்.

இரண்டாம் வாரம் மனோல் தளர்ந்தார். ஒரு வாய்தானே. ஒவ்வொரு இடத்திலும் ஒரு வாய்தானே. சனிக்கிழமை காலை எடைக் கருவியின் மேல் நின்றவரைக் கலினா பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"முக்கால் கிலோ ஏறியிருக்கு. யாரு இது?"

"எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம்" என்றார்.

"இங்க பாரு மனோல். உனக்கு நான் ஊத்துக் கட்ட மாட்டேன். என்னால கல் தூக்க முடியாது."

கலினா நெவேனாவுக்குப் போன் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை மாத்திரை தள்ளிப்போனது. திங்கட்கிழமை எடை இறங்கியிருந்தது. அன்று மலையில் மழையும் சேறுமாக இருந்தது. எதிரில் வந்த மர லாரிகள் அடித்த சேற்றில் பஸ்ஸின் முன்பக்கம் மண் சுவர் போல் ஆகிவிட்டது. சாயங்காலம் ஏறும் வழியில் மனோல் கோஸ்தாவின் ஊற்றுக்கு முன் பிரேக் போட்டார். கடைசி சீட்டிலிருந்து வெலிக்கா அத்தை எழுந்தாள்.

அவர் குழாய் அருகே போனார். தொப்பியைக் கழற்றினார். பெயரைப் படித்தார். உதடுகள் ஒருமுறை ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டன. மழையில் எழுந்து போவேனா என்ற கேள்வியைக் கேட்டுக்கொண்டார். பதில் வந்தது. இல்லை.

வெலிக்கா அத்தை இறங்கி, பஸ் படியில் நின்றாள்.

"என் கோஸ்தா உனக்கு என்னடா கெடுதல் பண்ணினான்? நான் குடுத்த தண்ணியாலதான் நீ செத்திருப்பன்னு ஊரெல்லாம் பேசறாங்க. அதுக்காக அவன் முகத்தைக் கூடப் பார்க்காம போறியா?"

"அத்தை, நீங்க குடுத்ததால இல்ல. நான் குடிச்சதால."

"அப்ப இப்ப எதுக்கு நின்ன?"

மனோலுக்கே அதுவரை தெரியாது என்று தோன்றுகிறது. சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை உருவினார். குழாயில் பிடித்து, சொட்டச் சொட்ட எடுத்து வந்து, பஸ்ஸின் இடப்பக்க முகப்பு விளக்கைத் துடைத்தார். சேறு வழிந்தது. மறுபடி நனைத்தார், மறுபடி துடைத்தார். கண்ணாடி தெரிந்தது. எரிந்துகொண்டிருந்த விளக்கின் வெளிச்சம் சாலையில் கொஞ்சதூரம் நீண்டு, கல்லில் வெட்டிய பெயரையும் தொட்டது.

"ஆண்டவன் அவரை மன்னிக்கட்டும்" என்றார்.

அத்தை மழையில் நின்று அந்த வெளிச்சத்தைப் பார்த்தாள். விளக்கைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பிறகு முகவாயால் சேறு அப்பியிருந்த வலப்பக்க விளக்கைக் காட்டினாள்.

"என் லாரிக்காரன் ஒத்தை லைட்ல போகமாட்டான்."

மனோல் கைக்குட்டையைப் பிழிந்துகொண்டு திரும்பவும் குழாயடியில் குனிந்தார்.